ஆட்டுத்தலைக்கு ஓர் ஆள்

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு ஐம்பது வயதாகிவிட்டால் பெயரைச் சுருக்கி, மரியாதை சேர்த்துக் கூப்பிடுவோம். நுர்மகம்பெத் நுரேக்கே ஆவார். ஒர்மன்பெக் ஒரேக்கே ஆவார். இதற்காக அவர்கள் எதையும் சாதித்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது வரை சாகாமல் இருந்தால் போதும். துர்சின்பாய்க்குப் போன ஆகஸ்டில் அறுபத்து மூன்று. கணக்குப்படி அவன் பதின்மூன்று வருடங்களாகத் துரேக்கேயாக இருந்திருக்க வேண்டும். ஆனால் போன கோடை வரை எங்கள் ஊரான பெஸ்குதுக்கில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் பெயர் மீன்தலை.

இது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம் ஒட்டிக்கொண்ட பெயர். அப்போது அரால் கடல் வற்றி, எங்களை விட்டுவிட்டுத் தூரப் போயிருந்தது. மிச்சமிருந்த உப்புத் தண்ணீரில் தட்டைமீன் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ரொட்டி போலத் தட்டையாக, வாய் கோணி, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும் மீன். துர்சின்பாயின் தங்கையைப் பெண் கேட்டுச் சம்பந்திகள் பனியில் வந்து சேர்ந்தார்கள். சொல்லிவிட்டு வரவில்லை. வீட்டில் ஆடு இல்லை. ஊரிலேயே அந்த வாரம் ஆடு இல்லை. விருந்தாளிக்கு முன்னால் ஆட்டுத்தலை வைக்காமல் எப்படிச் சாப்பாடு தொடங்குவது? துர்சின்பாய் ஒரு பெரிய தட்டைமீனை வேகவைத்து, அதன் தலையைத் தட்டில் தனியாக எடுத்து, மூத்த சம்பந்தியின் முன்னால் இரண்டு கையாலும் வைத்தான்.

மூத்த சம்பந்தி நல்ல மனிதர், ஆனால் வாய்த் துடுக்கு. தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது எந்தப் பக்கம் பார்த்து எனக்கு மரியாதை பண்ணுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணையும் கொண்டுபோனார்கள், அவள் இப்போது ஷிம்கென்டில் நான்கு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அன்றைக்குத் தேநீர் எடுத்துக் கொடுக்க வந்திருந்த ஒர்மன்பெக் அந்தச் சிரிப்பை வெளியே கொண்டுபோனான். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அன்றிலிருந்து எதிரில் பார்த்தால் ஒர்மன்பெக் சொல்லும் முதல் வார்த்தை, "என்ன மீன்தலை?"

இரண்டாயிரத்து ஐந்தில் அணை கட்டினார்கள். கடல் பாதி திரும்பி வந்தது. கெண்டை வந்தது, சுதாக் மீன் வந்தது. துர்சின்பாய் நல்ல படகு வாங்கினான், இருபது ஆடு வைத்தான், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அறுத்துப் போட்டான். பெயர் மட்டும் போகவில்லை.

அவனை எனக்கு அருகிலிருந்து தெரியும். அவன் தாய் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோது, ஊர் நர்ஸான நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்ததைச் செய்கிற மகன்கள் குறைவு. இவன் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்துவிட்டு வருவான், கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் அவளைத் தொடுவான். அந்தத் தாய் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: அன்றைக்கு மீன்தலையை வைக்கச் சொன்னதே அவள்தான். "தலைன்னா தலைதான், வைடா" என்றாளாம். அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. பழி முழுவதையும் தன் பேரிலேயே வைத்துக்கொண்டான்.

போன வருடம் ஜூலை கடைசியில் அவன் என் வீட்டுக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"கிசில்ஓர்தாவுலேருந்து ஒரு இளைஞர் வட்டம் வருது அக்கா. பதினாலு பேர். சனி, ஞாயிறு. கரையில கூடாரம் போட்டுத் தங்கறாங்களாம். மீன் பிடிக்கக் கத்துக்கணுமாம். ஊர் மன்றத்துல என்னைக் கைகாட்டிட்டாங்க."

"நல்லது. மீன் பிடிக்கச் சொல்லிக் குடு. பிடிச்சதைப் பொரிச்சுப் போடு. வேலை முடிஞ்சுது."

கூடாரத்துணியைப் பொரித்துப் போடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தான்.

"விருந்தாளிக்கு மீனா? நானா?"

அவன் மனைவி குல்யாஷ் பின்னாலேயே வந்து நின்றாள். "ஊர்ல எவன் வேணும்னாலும் மீன் போடலாம் அக்கா. எங்க வீட்ல மட்டும் முடியாது. வாசல்ல பலகை எழுதி மாட்டின மாதிரி ஆயிடும்."

"அவங்க மீனுக்குத்தானே வர்றாங்க?"

"மீன் பிடிக்கத்தான் வர்றாங்க," என்றான் துர்சின்பாய். "சாப்பிடறது வேற. பதினாலு பேருக்கு நடுவுல ஆட்டுத்தலை வைக்கப்போறேன் அக்கா. ஊர்ப் பெரியவங்க எல்லாரையும் கூப்பிடப்போறேன். அதுக்கப்புறம் எவன் என்னை மீன்தலைன்னு கூப்பிடறான்னு பாக்கறேன்."

ஆக, கிசில்ஓர்தாவின் பதினான்கு பிள்ளைகள் ஒரு மனிதனின் பெயரைக் கழுவுவதற்காக இருநூறு மைலுக்கு மேல் பயணம் செய்து வந்துகொண்டிருந்தார்கள். பாவம், அவர்களுக்கு அது தெரியாது.

என்னை அழைத்தது முதலுதவிக்காக. துண்டு, அயோடின், கண் கழுவும் உப்புநீர், ஊசி, கத்தரி எல்லாம் எடுத்து வைத்தேன். அவன் ஆடு தேர்ந்தெடுப்பதையும் போய்ப் பார்த்தேன். மந்தையில் ஒவ்வொரு கிடாவையும் தாடையைப் பிடித்துத் தூக்கி, நெற்றியைப் பார்த்து, காதை விரித்துப் பார்த்தான். உடம்பில் கறி இருக்கிறதா என்று ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

"பொண்ணு பாக்கற மாதிரி பாக்காதீங்க," என்றாள் குல்யாஷ். "அதுங்களுக்கு வெக்கமா இருக்கும்."

வியாழக்கிழமை இடி விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அரால் நகரத்தில் ஒரு பெரியவரின் வருடாந்திர நினைவு விருந்து. ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் பேருந்து வைத்துப் போகிறார்கள். போகாதது ஒர்மன்பெக் ஒருவன்தான். அவனுக்குச் சர்க்கரை, இடது காலில் புண். தினமும் காலையில் கட்டு மாற்றுவது நான். பேருந்தில் ஏறினால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தி வைத்திருந்தேன்.

"ஒர்மன்பெக்கைக் கூப்பிடேன்," என்றேன்.

"அவனைத் தவிர யாரை வேணும்னாலும் கூப்பிடுவேன்."

"அவனைத் தவிர ஊர்ல யாரும் இல்லையே."

"பிள்ளைங்க இருக்காங்க. எல்லாத்தையும் போன்ல படம் எடுப்பாங்க. உலகமே பாக்கும்," என்று சமாதானம் செய்துகொண்டான்.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. ஓட்டியவர் விக்டர் பாக், கிசில்ஓர்தாவில் வாழும் கொரிய இனத்தவர், ஐம்பத்தெட்டு வயது. இறங்கியதும் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வழியில துர்சின்பாய் வீடு எங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலைம்மா. அப்புறம் ஒரு கிழவி, 'யாரு, மீன்தலையா?'ன்னாங்க. மூணு பேர் ஒரே நேரத்துல கை காட்டினாங்க."

"அதை இங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். ஆனா வண்டி முழுக்கக் கேட்டுடுச்சே."

அந்த வட்டத்தின் தலைவி கௌஹார். இருபத்து நான்கு வயது, கழுத்தில் விசில், கையில் அச்சடித்த நேரப் பட்டியல். எட்டரைக்குக் கூடாரம், பத்துக்கு வலை, ஆறு மணிக்கு 'உள்ளூர் மீன் விருந்து'. துர்சின்பாய் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத் தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கூடாரத்தை மணல்மேட்டுக்குப் பின்னால் போடச் சொன்னான். கௌஹார் கடலுக்கு நேராகத்தான் வேண்டும் என்றாள். படம் நன்றாக வருமாம். விருந்தாளி சொன்னால் மறுக்கக் கூடாது, அதனால் அவன் மறுக்கவில்லை. பதினொரு மணிக்குக் காற்று திரும்பியது. பழைய கடல்தரையின் உப்புத்தூள் எழுந்து வந்து கண்ணில் விழுந்தது. ஒன்பது பேரை வரிசையாக உட்கார வைத்துக் கண் கழுவினேன். கூடாரங்களில் இரண்டு பறந்தன. ஒன்றைக் கரையில் ஒதுங்கியிருந்த ஒட்டகம் ஒன்று கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் போனது. கூடாரத்துக்குச் சொந்தக்காரப் பெண் பின்னாலேயே ஓடினாள். அதை எல்லோரும் படம் எடுத்தார்கள்.

"மணல்மேட்டுக்குப் பின்னாடி போட்டுக்கலாமா மாமா?" என்று கௌஹார் கேட்டாள்.

"நல்ல யோசனைம்மா," என்றான் துர்சின்பாய், முதல்முறையாகக் கேட்பதுபோல.

படகில் அவன் வேறு ஆள். நான்கு நான்கு பேராக ஏற்றிக்கொண்டு போனான். முந்தின நாள் போட்ட வலையை எப்படித் தூக்குவது, செவுளில் விரல் விட்டு எப்படி மீனைக் கழற்றுவது, எந்தக் கண்ணி அறுந்தாலும் சத்தம் போடாமல் எப்படிக் கையை மாற்றுவது என்று காட்டினான். அதிகம் பேசவில்லை. ஒரு பையனின் கையைப் பிடித்து நகர்த்தி வைப்பான், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் நாற்பது கெண்டையும் பதினொரு சுதாக்கும் வந்துவிட்டன. பிள்ளைகள் கத்தின கத்தலில் ஒட்டகம் கூடாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது.

வந்த மீன் ஒவ்வொன்றும் கரையைத் தொட்டதும் மறைந்தது. குல்யாஷ் பக்கப்பெட்டி வைத்த பழைய மோட்டார் சைக்கிளில் அள்ளிக்கொண்டு ஐஸ் கொட்டகைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். பிள்ளைகளுக்கு எண்ணெயில் பொரித்த ரொட்டியும், உலர்ந்த தயிர் உருண்டையும், தர்பூசணியும், ஆறின ஆட்டுக்கறியும் கிடைத்தன.

"மாமா, மீன் எங்க?" என்றாள் கௌஹார்.

"ஓய்வெடுக்குது."

"சமைக்கலையா?"

"நாளைக்கு மத்தியானம் பெரிய விருந்து இருக்கும்மா. இப்பவே வயித்தை ரொப்பிக்காதீங்க."

கரையிலிருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இன்கார் என்ற பெண் திடீரென்று வீறிட்டாள். பாம்பு என்று நினைத்து ஓடினேன். தட்டைமீன். கடலில் உப்பு குறைந்த பிறகு அது அபூர்வம். துர்சின்பாய் வலையிலேயே அந்த வருடம் ஐந்தாறுதான் விழுந்திருக்கும். இருபத்தெட்டு வருடம் கழித்து, இந்த வாரக் கடைசியில், இந்தக் கூட்டத்தின் தூண்டிலில் வந்து மாட்டிக்கொண்டது.

துர்சின்பாய் அதைப் பார்த்தான். அது ஒரே பக்கத்து இரண்டு கண்ணாலும் அவனைப் பார்த்தது.

"இது வேண்டாம்மா, நல்லா இருக்காது. தண்ணியிலயே விட்டுடு."

"ஐயோ மாமா, எவ்வளவு அழகா இருக்கு!" என்று இன்கார் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இந்தக் களேபரத்தில் அலிபெக் என்ற பையன் தன் கட்டை விரலில் தூண்டில் முள்ளை ஏற்றிக்கொண்டான். முள்ளை இழுக்கக் கூடாது. முன்னால் தள்ளி, கொக்கியை வெட்டிவிட்டு, வந்த வழியே எடுக்க வேண்டும். செய்தேன். அவன் மயங்கவில்லை, படம் எடுத்துக்கொண்டிருந்தவன் மயங்கினான்.

ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, அவர்கள் தாங்களே சக்சவுல் என்ற பாலைவனப் புதரின் கட்டையைப் பற்றவைத்து அந்த ஒற்றைத் தட்டைமீனைச் சுட்டார்கள். பதினான்கு பேருக்கு ஆளுக்கு ஒரு விரல்நுனி அளவு வந்தது. தலை யாருக்கு என்று சண்டை. மூன்று விரல் அகலத் தலைக்குப் பதினான்கு பேர் சீட்டுக் குலுக்கினார்கள். துர்சின்பாய் முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"சக்சவுல் புகை கண்ணுல படுதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நாளைக்குத் தலை வெந்ததும் சரியாயிடும்."

ஞாயிறு மத்தியானம் வீட்டின் பெரிய அறையில் விரிப்பு போட்டாயிற்று. பெஷ்பர்மாக் தயார்: அகலமான மாவுத் தகடுகளின் மேல் கறி, மேலே வெங்காயம். தலை தனித்தட்டில் இருந்தது. கருக்கிச் சுரண்டி, கழுவி, வேகவைத்த அருமையான தலை. துர்சின்பாய் இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றான். அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கண் விரிப்பைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

அப்பா உயிரோடு இருக்கிற ஆண் ஆட்டுத்தலையைத் தொடக் கூடாது. அது அப்பாவின் பங்கு. மகன் வாங்கினால் அப்பனைப் புதைக்க அவசரப்படுகிறான் என்று அர்த்தம். இங்கே பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். துர்சின்பாய்க்கும் தெரியும். கிடாவின் காதை விரித்துப் பார்த்த நேரத்தில் விருந்தாளிகளின் வயதை யோசிக்க விட்டுப்போயிற்று. விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்ததில் ஒன்பது பேர் பெண்கள். மீதி ஐந்து பையன்களில் மூத்தவனுக்குப் பத்தொன்பது.

பெண்ணுக்குத் தலை வைப்பதில்லை. அந்த அறையிலேயே மூத்த ஆள் நான், என் அப்பா இறந்து ஐம்பத்தொரு வருடம் ஆகிறது. இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. யாரும் கேட்கவில்லை.

துர்சின்பாய் தட்டைக் குல்யாஷிடம் கொடுத்துவிட்டு முதல் பையன் பக்கத்தில் குனிந்தான். "தம்பி, அப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார் மாமா."

"சந்தோஷம்." சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த பையன். "உங்கப்பா?"

"இருக்கார். பேங்க்ல வேலை."

"இருதயம், ரத்த அழுத்தம், ஏதாவது..."

"ஒண்ணும் இல்லை மாமா. தினமும் ஓடறார்."

"ஓடட்டும், ஓடட்டும்."

மருத்துவமனையிலும் வீடுகளிலுமாக நாற்பது வருடம் இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். இவ்வளவு ஆசையோடு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அலிபெக் கட்டுப் போட்ட விரலைத் தூக்கினான். "எங்கப்பா அஸ்தானாவுல இருக்கார் மாமா. ஆனா நாலு வருஷமா எங்ககூடப் பேசறதில்லை. அம்மா, 'நம்மளைப் பொறுத்தவரை செத்துட்டார்'னு சொல்வாங்க."

துர்சின்பாய் ஒரு நிமிடம் உண்மையிலேயே யோசித்தான். குல்யாஷ் சமையலறை வாசலிலிருந்து, "அது கணக்குல வராதுங்க!" என்றாள்.

விக்டர் பாக் மட்டும் மிச்சம். முடி நரைத்த மனிதர். துர்சின்பாய் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தே விட்டான். "ஐயா, உங்கப்பா..."

"எங்கப்பாவா? எண்பத்தெட்டு!" என்றார் பாக் பெருமையாக. "நேத்துகூட வெங்காயம் பிடுங்கினார். என்னைவிட வேகம்."

"கடவுள் நீண்ட ஆயுள் குடுக்கட்டும்," என்றான் துர்சின்பாய், கசப்பு மருந்தை விழுங்குகிற நோயாளி மாதிரி.

"கொழுப்பு உறையுது," என்றாள் குல்யாஷ். "ஒரு முடிவுக்கு வாங்க."

நான் எழுந்து அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஒர்மன்பெக்கோட அப்பா எப்பச் செத்தார்?"

"எண்பத்தொண்ணுல." பிறகுதான் நான் ஏன் கேட்டேன் என்று அவனுக்குப் புரிந்தது. "முடியாதுக்கா. இருபத்தெட்டு வருஷமா என்னை மீன்தலைன்னு கூப்பிட்டவன் முன்னாடி நான் போய்த் தலை வைக்கறதா?"

"அப்ப நாய்க்கு வை."

அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். நான்கு வீடு தள்ளித்தான். நான் நடந்தே பின்னால் போனேன்.

ஒர்மன்பெக் காலை நாற்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான். "என்ன மீன்தலை, வழி தவறிட்டியா?"

"சாப்பிட வா."

"என்ன மீன்?"

"ஆடு. தலை உனக்கு."

அவன் சிரிக்க வாயைத் திறந்தான், சிரிப்பு வரவில்லை. விருந்துக்குத் தலை வாங்க வரச் சொன்னால் மறுப்பதற்கு எங்களிடம் வழி கிடையாது. செத்துப்போயிருந்தால் மட்டும் மன்னிப்பார்கள். அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, என் கால்... நான் போகலாமா?"

"நாலு வீடுதான். போகலாம். கொழுப்பைத் தொடாதே. கன்னத்துல ஒரு துண்டு எடுத்துக்கோ, போதும்."

மீன் செதில் அப்பிய பக்கப்பெட்டியில் காலை நீட்டி உட்கார்ந்து ஒர்மன்பெக் விருந்துக்கு வந்தான். பதினான்கு பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். அவனை முதல் இடத்தில் உட்கார வைத்து, காலுக்கு அடியில் தலையணை வைத்தேன். துர்சின்பாய் தட்டை ஏந்தி வந்து, முகம் விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி வைத்தான்.

"ஒரேக்கே, தலை உங்களுக்கு."

இவனும் ஒர்மன்பெக்கை அதுவரை அந்த மரியாதைப் பெயரால் கூப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒர்மன்பெக் கத்தியை எடுத்தான். கன்னத்தில் ஒரு துண்டு தனக்கு. வலது காதை அறுத்து, இருப்பதிலேயே சின்னவனான அலிபெக்குக்கு. எல்லாம் முறையாகச் செய்தான். பிறகு உள்ளங்கைகளை விரித்துத் தூக்கினான். எல்லோரும் தூக்கினோம். இந்த இடத்தில் வீட்டுக்காரனின் பெயரைச் சொல்லி ஆசி வழங்க வேண்டும். தலையை வாங்கிக்கொண்டவன் தலை வைத்தவனைப் பட்டப்பெயரால் சொல்ல முடியாது. ஒர்மன்பெக்கின் உதடு இரண்டு முறை திறந்து மூடியது. துர்சின்பாய் மூச்சு விடவில்லை. எனக்குப் பக்கத்தில்தான் இருந்தான்.

"இந்த வீட்டுல... துரேக்கேயோட வீட்டுல... அடுப்பு அணையாம இருக்கட்டும். வலை வெறுமையா வராம இருக்கட்டும். ஆமீன்."

"ஆமீன்," என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டோம். துர்சின்பாய் தடவின கையை முகத்திலிருந்து சற்று நேரம் எடுக்கவில்லை. பிறகு எடுத்து, பதினான்கு பேரின் தட்டிலும் கறியை அள்ளி அள்ளிப் போட்டான். பிள்ளைகள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள். நாற்பது கெண்டை கொட்டகையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

முதல் கிண்ணம் தேநீர் ஆறுகிற நேரம் வரை அவன் துரேக்கேயாக இருந்தான்.

கௌஹார் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். பையிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் எடுத்தாள். தங்கக் கரை போட்டது, சட்டத்தில் மாட்டியது. பெயர் எழுதும் இடத்தில் மட்டும் கையால் அழகாக எழுதியிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்:

"அரால் கடலின் அன்பான மனிதர், எங்கள் மரியாதைக்குரிய மீன்தலை மாமா அவர்களுக்கு..."

பதினான்கு பேரும் கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். விக்டர் பாக் தன் கிண்ணத்துக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். குல்யாஷ் கரண்டியோடு சமையலறைக்குள் பின்வாங்கினாள்.

நான் ஒர்மன்பெக்கைப் பார்த்தேன். அவன் முன்னால் ஆட்டுத்தலை இருந்தது. அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. கன்னத்துண்டை வாயில் திணித்து மென்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. தலையை வைத்துக்கொண்டு சிரிக்க முடியாது. இருபத்தெட்டு வருடத்தில் அவனுக்குக் கிடைத்த மிக நல்ல சந்தர்ப்பம், அதை அப்படியே விழுங்கினான்.

கௌஹாருக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பா எழுதிட்டேனா மாமா? வழியெல்லாம் உங்களை அப்படித்தான் சொன்னாங்க. நேத்து அந்தத் தலையைச் சீட்டுப் போட்டுச் சாப்பிட்டப்பதான் ஏன்னு புரிஞ்சுது. கறியும் நல்லாத்தான் இருக்கு," என்று அவசரமாகச் சேர்த்தாள், "ஆனா வீட்டுக்குப் போய் நாங்க அதைப் பத்தித்தான் சொல்லுவோம்."

ஒர்மன்பெக் ஒருவழியாகத் துண்டை விழுங்கி முடித்தான். குரலை மிகவும் கண்ணியமாக வைத்துக்கொண்டு கேட்டான்: "நல்ல பேருதான், துரேக்கே. யார் வெச்சது?"

எல்லோரும் துர்சின்பாயைப் பார்த்தார்கள். அவன் பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினான். தட்டைத் தாங்கியது போலவே.

"எங்கம்மா," என்றான்.

பிள்ளைகள் "ஓ..." என்றார்கள். ஒர்மன்பெக்கின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவனுக்கு அர்த்தம் புரிந்ததோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை. நான் தேநீர்க் கிண்ணங்களை நிரப்பினேன். ஆறிப்போனதைக் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது.

அவர்கள் கிளம்பும்போது துர்சின்பாய் கொட்டகையைத் திறந்து நாற்பது கெண்டையையும் சுதாக்கையும் வேனில் ஏற்றினான். கௌஹார் அழுதேவிட்டாள். மீன் நாற்றம் மூன்று மாதத்துக்குப் போகாது என்று பாக்குக்குத் தெரிந்திருந்தது, அவர் அழவில்லை.

பத்திரம் பெரிய அறையில் மாட்டியிருக்கிறது. கண்ணாடியை ஒரு நாளைக்கு இரண்டு முறை துடைக்கிறான் என்கிறாள் குல்யாஷ். ஊரில் இப்போது எல்லோரும் அவனைத் துரேக்கே என்கிறார்கள், ஒர்மன்பெக் உட்பட. தலை வாங்கியவன் வேறு என்ன செய்வான்? ஊருக்கு வெளியே, கிசில்ஓர்தாவிலும் கசாலியிலும், கௌஹாரின் பிள்ளைகள் போட்ட படங்களைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவன் மீன்தலை. இந்தக் கோடையில் மூன்று வட்டங்கள் தொலைபேசியில் கூப்பிட்டன. மூன்று பேரும் முதலில் கேட்டது, "மீன்தலை மாமா வீடுங்களா?"

"ஆமா, மீன்தலைதான் பேசறேன்," என்கிறான் இவன். குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

தட்டைமீன் கேட்கிறவர்களுக்குத் தட்டைமீன் கிடைத்தால் போடுகிறான். ஆனால் ஆடு அறுப்பதை விடவில்லை, தலை வைப்பதையும் விடவில்லை. சிக்கல், தலைக்கு ஆள். ஒர்மன்பெக்குக்கு அன்றைய விருந்துக்குப் பிறகு மூன்று நாள் சர்க்கரை இறங்கவே இல்லை. இன்னொரு தலை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆகவே துர்சின்பாய் முன்கூட்டியே விசாரித்துக்கொள்கிறான்.

போன வாரம் அவன் வீட்டில் இருந்தேன். கசாலியிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டிருந்தான், இருபது பேர் வருகிறார்களாம். கூடாரம், படகு, தூண்டில் எல்லாம் பேசி முடித்த பிறகு துர்சின்பாய் கேட்டான்: "கூட யாராவது பெரியவர் வர்றாரா தம்பி? அப்பா இல்லாதவரா?"

மறுபக்கத்தில் யாரிடமோ கலந்து பேசினார்கள். பிறகு அந்தப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னது எனக்கே கேட்டது: எங்க வாத்தியார் ஒருத்தர் இருக்கார் மாமா, அவருக்கு அப்பா இல்லை, ஆனா அவர் கறி சாப்பிட மாட்டார்.

"வரட்டும்," என்றான் துர்சின்பாய். "சாப்பிட யார் சொன்னா? முன்னாடி வெச்சா போதும்."